நொக்ஸின் நூலைத் தமிழில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681இல் லண்டனில் அச்சான இலங்கை நூலிலிருந்து வாரம் ஒரு பகுதியை உங்கள் ஞாயிறு சிறுவர் பக்கத்தில் தமிழில் போட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

31 வருஷம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள் நான். நொக்ஸ் யார் என்று கேட்டால், "கண்டி ராஜா சிறையில் போட்ட வெள்ளைக்காரர்" என்பார்கள் பிள்ளைகள். பூட்டி வைத்த சிறை இல்லை அது. 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டபோது அவருக்கு வயது 19. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்து விட்டார்கள். சாப்பாடு ஊரார் பொறுப்பு. நாட்டை விட்டுப் போகத்தான் கூடாது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், பிறகு உடுநுவரையில் எலதெத்த என்ற ஊரில் 25 லாரின் காசுக்குக் காணி வாங்கினார். கம்பளையில் இருக்கும் எனக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம்.

அந்த நூலில் இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து, கம்பு நுனியில் கட்டி, நடக்க நடக்கக் காலில் தட்டிக்கொண்டு போவார்களாம். அதைப் படித்த இரவு அம்மாவின் நினைவாகவே இருந்தது. ஆடி மழையில், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகுமுன், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு லயத்து வாசற்படியில் உட்கார்ந்து முழங்கால்வரை சவுக்காரம் பூசுவார். சேலைத் தலைப்பில் உப்பு முடிச்சு இருக்கும். அந்தியில் கூடையை இறக்கிவிட்டுக் கால் விரல்களை விரித்துக் காட்டுவார். கொழுத்துக் கிடக்கும் அட்டைமேல் நான்தான் உப்பு வைப்பேன். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முந்திய நூலில் அதே அட்டை, அதே உப்பு! வகுப்பில் இதைச் சொன்னபோது, வாயே திறக்காத கடைசி வாங்குப் பையன் எழுந்து, "எங்க அம்மாயி பொயலதான் வப்பாங்க டீச்சர்" என்றான். புகையிலையைச் சொல்கிறான்.

இன்னொரு இடம். தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நொக்ஸிடம், கொழும்பு போர்த்துக்கேயரின் கையை விட்டுப் போனபோது கிடைத்த புத்தகம் என்று ஒரு கிழவர் எதையோ விற்க வருகிறார். பார்த்தால் ஆங்கில பைபிள். விரித்த பக்கம் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம், சிறைச்சாலைக்காரன், "இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும் இடம். விலை, பின்னிய தொப்பி ஒன்று. நான் முருகனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1679இல் கூட்டாளி ஒருவருடன் தப்பி அநுராதபுரம் போனபோது, அங்கிருந்த நம் மொழிக்காரருக்கு இவர்கள் பேசிய சிங்களம் புரியவில்லை. சிங்களம் தெரிந்த ஒருவர் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்களாம். நம்மவர்களை 'மலபார்' மக்கள் என்று எழுதுகிறார் நொக்ஸ். அப்புறம் மல்வத்து ஓயா, நாம் சொல்லும் அருவி ஆறு, அதன் வழியே மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டை.

இவ்வளவு பட்டவர் பின்னாளில் கப்பல் கப்டனாகி, அடிமைகளை வாங்க மடகஸ்கார் போனார். தோட்ட வேலைக்கென்று கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்களின் பேத்தி நான், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அட்டைப் பகுதியை நானே தமிழில் எழுதிப் பார்த்தேன். கையெழுத்தில் ஆறு பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்திப் போடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கம்பளை