மாசி மாதத்துப் பார்சலோடு ஒரு கடிதம்

சேலம், அம்மாபேட்டை
மாசி 3

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் பார்சலில் துணிக்கு மேலேயே வைத்திருக்கிறேன். துணியைப் பிரிப்பதற்கு முன்னால் படித்துவிடு. எதை எப்போது உடுத்துவது என்று இதில்தான் எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும்போது டொராண்டோவில் உனக்குக் காலை, இங்கே எங்களுக்கு ராத்திரி. அம்மா பேசி முடித்து போன் என் கைக்கு வரும்போது நீ குளிக்கப் போக வேண்டும் என்பாய். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். துணிப் படம் ஐந்து, உன் நோட்டில் எழுதிய மாதப் பட்டியல் ஒன்று. துணியைப் பற்றித்தான் நீ கேட்டாய். ஆனால் எனக்கு அந்தப் பட்டியல்தான் மனதில் நின்றது. ஜனவரிக்குப் பதினான்கு வேலை எழுதியிருக்கிறாய். அதில் பத்தை வட்டம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'ஃபெயில்' என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தையும் அப்படியே பிப்ரவரிக்குத் தள்ளி, மேலே இன்னும் ஆறு சேர்த்திருக்கிறாய். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, கண்ணு. உன்னை நாங்கள் அப்படி ஒரு நாளும் மார்க் போட்டதில்லை.

நம் வீட்டுத் திண்ணையில் அம்மா பாவு பிணைப்பதை நீ பார்த்திருக்கிறாய். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது கடைசி வரை நெய்ய முடியாது, கொஞ்சம் நூல் மிஞ்சும். அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதுப் பாவைக் கோர்ப்பதாக இருந்தால் தறியின் விழுதுக் கண்ணிலும் அச்சு இடுக்கிலும் ஒவ்வொரு இழையாக முதலிலிருந்து இழுக்க வேண்டும். அதனால் பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் சேர்த்து, விரலில் துளி சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு. அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான இழை. அம்மா சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்து பிணைப்பாள், நீ பக்கத்தில் வீட்டுப் பாடம் எழுதுவாய். மிஞ்சிய நூலைப் பார்த்து 'இது தோற்ற பாவு' என்று அவள் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

ஜனவரியில் மிஞ்சியதும் அந்த மாதிரி நூல்தான். ஆனால் எல்லாவற்றையும் பிணைக்க வேண்டாம். எது உனக்கு வேண்டியது என்று பார். நான் பார்த்தவரை சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடு. பிரெஞ்சு வகுப்பை இந்த மாதம் எடுத்துவிடு, அது ஆவணியில்கூடச் சேரலாம். 'காலை ஆறு மணிக்கு நடை' என்பதையும் எடுத்துவிடு. இருட்டில், பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே, பனி உறைந்த நடைபாதையில் எந்தப் பிள்ளைக்கும் நடக்க மனசு வராது. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள் என்று நீதானே சொன்னாய்? அதற்கப்புறம் ஆபீஸ் விட்டு வரும்போது வெளிச்சம் இருக்கும். நடையை அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வை, சாயங்காலத்தில் வை. வருமான வரிக் கணக்குக்கு ஏப்ரல் 30 வரை நேரம் இருந்தாலும் காகிதங்களை இந்த மாதமே ஒரு கவரில் போட்டுவிடு. போன வருடம் கடைசி ராத்திரியில் நீ பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. தூங்குவதைப் பட்டியலில் எழுதவே இல்லையே, அதை முதலில் எழுது.

நீ செய்த தப்பு என்று ஒன்று இருந்தால், குளிர்காலம் முடிந்ததும் மறுநாள் வசந்தம் என்று நினைத்ததுதான். பட்டியலிலும் அதே, துணியிலும் அதே. நம் ஆட்கள் வருஷத்தை ஆறாகப் பிரித்தார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி வந்தால்தான் இளவேனில். இந்தப் பின்பனிக்கு இரண்டு முழு மாதம் கொடுத்திருக்கிறார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்வாளே, வெயில் ஏறுகிற மாதத்தில்தான் பனியின் கடைசிப் பிடி இருக்கும். இங்கே சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும். உங்கள் ஊரில் ஏப்ரல் வரைக்கும் இழுக்கும். மற்றபடி காலம் நகர்கிற விதம் ஒன்றுதான்.

தை கடைசியில் நானும் அம்மாவும் ஏற்காடு போய் வந்தோம். பெரியப்பா வீட்டுச் சம்பந்தி எஸ்டேட்டில் காபிப் பழம் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஐந்து ரோடு ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது அம்மா ஸ்வெட்டரை மடியில் வைத்திருந்தாள், எனக்குச் சட்டையே கசகசவென்று இருந்தது. ஏழாவது, எட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஜன்னல் கண்ணாடியை இழுத்து விட்டார்கள். பன்னிரண்டில் அம்மா ஸ்வெட்டரைப் போட்டாள். இருபதாவது வளைவு தாண்டியதும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒரே நாளில், ஒரே சேலையில், மூன்று சீதோஷ்ணம். உனக்கு மார்ச் மாதம் முழுக்க அந்த பஸ் பயணம்தான், கண்ணு. காலையில் மலை மேலே, மத்தியானம் அடிவாரம், ராத்திரி மறுபடி மலை. கனமான ஒன்றை மாட்டிக்கொண்டு போகாதே. மெல்லியதாக மூன்று போடு, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு.

சரி, உன் ஐந்து படத்துக்கு வருகிறேன்.

நீ லாவண்டர் என்று எழுதியிருக்கிற அந்த கார்டிகன், நம் கத்தரிப்பூக் கலர்தானே! நல்ல தேர்வு. மூன்று மாதம் கறுப்புக் கோட்டிலேயே இருந்த கண்ணுக்கு அந்த நிறம் ஆறுதலாக இருக்கும். வாங்குமுன் உள்ளே தைத்திருக்கிற சீட்டைப் படி. அக்ரிலிக் அதிகம் என்றால் நாலு தடவை போட்டதும் கக்கத்தில் உருண்டை உருண்டையாகத் திரளும். கம்பளி அதிகம் என்றால் எடுத்துக்கொள். சட்டை மேல் பட்டன் போடாமல் விட்டாலும் நன்றாக இருக்கும், கோட்டுக்குள்ளேயும் அடங்கும். ஐந்தில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதை வாங்கு.

ட்ரெஞ்ச் கோட் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. முதல் உலகப் போரில் ட்ரெஞ்ச் என்கிற பதுங்குகுழியில் கிடந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டதால் அந்தப் பெயர். அதற்கான துணி கபர்டீன், தாமஸ் பர்பெரி என்பவர் 1879-இல் கண்டுபிடித்தது. நெசவுக்காரனாகச் சொல்கிறேன், அது அருமையான யோசனை. அதற்கு முன்னால் மழைக் கோட்டுக்கு ரப்பர் பூசுவார்கள், உள்ளே வேர்த்துக் கொட்டும். அவர் நூலிலேயே முதலில் தண்ணீர் தாங்கும் பதம் ஏற்றி, அப்புறம் நெருக்கமாகச் சாய்வுக் கோடு விழும்படி நெய்தார். மழை உள்ளே இறங்காது, உடம்புச் சூடு வெளியே போகும். கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார், குறுக்கே ஓடும் மெல்லிய சாய்வுக் கோடு தெரிய வேண்டும். தோள் தையல் உன் தோள் எலும்பைத் தாண்டி அரை அங்குலம் இறங்கட்டும், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும். கையை முன்னால் நீட்டி அணைப்பது போலச் செய்து பார், முதுகு பிடித்தால் அடுத்த சைஸ். விலை அதிகம்தான், ஆனால் பத்து வருஷம் உழைக்கும். பங்குனி பாதிக்கு மேல் போடு.

மஞ்சள் கவுன் அழகு, ஆனால் இப்போது வேண்டாம். நீ அனுப்பிய படத்தில் விஸ்கோஸ் என்று போட்டிருக்கிறது. மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல், பட்டு மாதிரி விழும், தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். நனைந்தால் மட்டும் பலம் போய்விடும். முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் விட்டுவிடும். சித்திரை பிறக்கட்டும், அப்போதும் உனக்குப் பிடித்திருந்தால் வாங்கி, கையால் துவைத்து, துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்துக் காயப்போடு.

சந்தன நிறப் பேன்ட்டும் வெள்ளை ஷூவும், பனி உருக ரோட்டில் உப்புத் தூவுவதை நிறுத்தும் வரை வேண்டவே வேண்டாம். உன் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியால் துடை, அந்த உப்புக் கறை போகும். அடுத்த வருஷத்துக்குக் கனத்த கோட் வேண்டும் என்றால் இப்போதுதான் வாங்க வேண்டும், குளிர்காலச் சரக்கைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளுவார்கள். அதை உன் மாசிப் பட்டியலில் சேர்க்கலாம்.

இனி பார்சல். மேலே வெள்ளையாக மடித்திருப்பது வெண்பட்டு. கடைக்கு நெய்ததில் மிஞ்சியது என்று நினைக்காதே. உனக்கென்றே தனியாக, தை மாதக் கல்யாண வேட்டி ஆர்டர் எல்லாம் முடித்த பிறகு நெய்தது. இரண்டு கெஜம், ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கூட இல்லாத ஜரிகை. சாயம் போடவில்லை. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, அதன் பசை போனதும் வருகிற வெள்ளைதான் இது. அந்தப் பசையிலேயே கால்வாசி எடை போய்விடும். மிஞ்சுகிற பட்டுதான் இவ்வளவு லேசாக, இவ்வளவு கதகதப்பாக இருக்கிறது. நம் சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவே சந்தோஷப்பட்டது, நீ அப்போது சின்னப் பிள்ளை. இதைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. கம்பளி மஃப்ளர் கழுத்தை அரிக்கிறது என்றாயே, அதற்குக் கீழே இதை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள். பனி விட்ட பிறகு கோட்டுக்கு மேலே தொங்கவிடு. ஜரிகை பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

அதற்கு அடியில் இரண்டு கைத்தறிக் குர்தா. ஒன்று மாந்துளிர், ஒன்று வெந்தயக் கலர். மாந்துளிர் என்றால் கடைகளில் செங்கல் நிறத்தைக் காட்டுகிறார்கள். இது அது இல்லை. கொல்லை மாமரத்தில் துளிர் விட்ட இலையைக் கிள்ளி எடுத்துப் போய் சாயப் பட்டறையில் காட்டி ஏற்றினது. செம்பும் இளஞ்சிவப்பும் கலந்து, வெயிலில் பிடித்தால் கொஞ்சம் பச்சை தட்டும். இரண்டும் பருத்தி. இப்போது ஸ்வெட்டருக்குள் போடாதே. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், வெளிக்காற்று பட்டதும் உடம்பு சில்லிட்டுப் போகும். பொங்கல் விழாவுக்குச் சேலை கட்டியபோது உள்ளே தெர்மல் உள்ளாடை போட்டாயே, அந்த யோசனைதான் சரி. குர்தாவை ஏப்ரல் கடைசியில், நீ படம் அனுப்புவாயே, அந்த ஹை பார்க்கில் செர்ரிப் பூக்கும் சமயத்தில் எடு.

குளிர்காலத் துணியை உள்ளே வைக்கும்போது அவசரப்படாதே. ஒரு நாள் வெயில் அடித்தது என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டினால் மறுநாள் பனி கொட்டும். வைக்கும்போது துவைத்து, நன்றாகக் காயவைத்து வை. வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். வசம்பு அங்கே நம்ம ஆட்கள் கடையில் கேட்டுப் பார், ஒரு துண்டைத் துணியில் முடிந்து வைத்தால் போதும். அம்மா கொடுத்த கல்யாணப் பட்டுச் சேலையை வெளியே எடுத்து மடிப்பை மாற்றிப் போடு. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஜரிகை ஒடிந்துவிடும்.

டப்பா இரண்டும் அம்மா வைத்தது. ஒன்று சாம்பார்ப் பொடி, இன்னொன்று ஏற்காட்டுக் காபித் தூள். எஸ்டேட்டில் அன்றைக்குப் பார்த்தேன், பழம் பறித்த கிளையிலேயே அடுத்த பூவுக்கான மொட்டு முளைத்து, இறுகிப் போய் உட்கார்ந்திருக்கிறது. கோடை மழை ஒன்று விழும் வரை அது அசையாதாம். மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் மலை முழுக்க வெள்ளை, மல்லிகை வாசம். நாலு நாளில் உதிர்ந்துவிடும். பங்குனியில் மழை பெய்தது என்று தகவல் வந்தால் நாங்கள் இன்னொரு தரம் போவோம், போட்டோ அனுப்புகிறேன்.

நம் கொல்லை மாமரமும் இந்த வருஷம் நிறையப் பூ எடுத்திருக்கிறது. பனி கருக்காமல் இருந்தால் வைகாசியில் பழம் தட்டும். உன் பட்டியலை இன்னொரு தரம் படித்தேன். ஊருக்கு வருவது எந்த மாதத்திலும் இல்லை. வைகாசிப் பக்கத்தில் எழுதி, டிக்கெட் விலையை இந்த மாதமே பார்த்துவிடு. பணம் குறைந்தால் அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா

செவ்வாய்ப்பேட்டையில் எடுத்த கொலுசு உன்னிடம்தானே இருக்கிறது? பூட்ஸைக் கழற்றுகிற மாதம் அதைப் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தச் சத்தம் கேட்டால் அம்மா சந்தோஷப்படுவாள்.