கேன்டர்வில் பேயும் என் சங்கடமும்

அன்புள்ள சீனு,

தீபாவளிக்கு முன்பே வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்; திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கு அனைவரும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார், வீட்டில் நம்புவதில்லை.

ஆஸ்கர் வைல்ட் 1887-இல் எழுதிய ‘கேன்டர்வில் பேய்’ கதையை எங்கள் குழு மேடையேற்றப் போகிறது. வசனம் என் பொறுப்பு. முன்னூறு ஆண்டுகளாக விதவிதமான வேடங்களில் கேன்டர்வில் மாளிகையை நடுங்கவைத்த பேயான சர் சைமனிடம், அந்த மாளிகையை வாங்கிக் குடிவந்து, சங்கிலிச் சத்தத்தால் தூக்கம் கெட்ட அமெரிக்கர் ஓட்டிஸ் ஓர் எண்ணெய்ச் சீசாவை நீட்டி, சங்கிலிக்குப் போட்டுக்கொள்ளுமாறு பணிவாகக் கேட்டால் அந்த மகாகலைஞரின் மனம் என்ன பாடுபடும்! ஓட்டிஸின் மூத்த மகன் துடைக்கத் துடைக்கத் திரும்பி வரும், சைமன் கொன்ற மனைவியின் இரத்தக்கறை, பேய் சாயம் திருடும் மகள் வர்ஜீனியாவின் வண்ணப்பெட்டியில் சிவப்பு தீர்ந்ததும் பச்சையாகிவிடும் இடத்தில் எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. வீட்டைக் கவனிக்கும் உம்னி அம்மாளோ மயங்கி விழுந்து எழுந்த கையோடு சம்பள உயர்வையும் பேசி முடிக்கிறாள். நம் தலைமை எழுத்தரை நினைத்துக்கொள்.

ஆனால் பேயும் வர்ஜீனியாவும் பேசும் காட்சியில் பேனா நின்றுவிட்டது. மனைவி எலினாரைக் கொன்றது குடும்ப விவகாரம் என்கிறார் சைமன். அவள் அழகில்லை, கழுத்துப்பட்டிக்குச் சரியாகக் கஞ்சி போடவில்லை, சமைக்கத் தெரியாது என்று காரணங்களும் உண்டு. அவளுடைய சகோதரர்கள் தம்மைப் பட்டினி போட்டுக் கொன்றது நன்றாயில்லை என்ற குறை வேறு. உடனே அந்தப் பதினைந்து வயதுப் பெண், பசிக்கிறதா, சாண்ட்விச் தரட்டுமா என்கிறாள். நானும் சிரித்தேன், சீனு. பிறகுதான், 1575-இல் செத்தவள் கதையில் ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை என்பது உறைத்தது. அவளுக்கென்று எஞ்சிய கறைக்கும் கொன்றவனே சாயம் பூசுகிறான். தன்னைக் கொன்ற கணவனைப் பேயாக வந்து பழிவாங்கிய பழையனூர் நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கொன்றவனே பேயாகவும் வந்து, கண்ணீரையும் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போவது எப்படி ஒப்பும்?

வேடிக்கைக் கதையில் நியாயம் பேசாதீர்கள் என்கிறார்கள் குழுவின் இளைஞர்கள். வைல்ட் தெரிந்தேதான் அந்தக் கஞ்சிப் பேச்சை வைத்தார் என்பது என் எண்ணம். மேடையில் சிரிப்பு அதை விழுங்கிவிடுமோ என்பதே என் பயம். ஆகவே சாண்ட்விச்சை நீட்டுமுன் வர்ஜீனியா ஒன்றும் பேசாமல் அவரையே சற்றுநேரம் பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். அது நாடகத்தைக் கெடுக்குமா? தொலைபேசியில் என்னைப் பேசவிடமாட்டாய், ஆகையால் எழுதியே சொல்.

உம்னி அம்மாளுக்கு இன்னும் ஆள் அமையவில்லை. மயங்கி விழுவதில் திருச்சி மேடையிலேயே பெயர் வாங்கியவன் நீ. சம்பள உயர்வு மட்டும் கேட்காதே.

அன்புடன்,
ராமு