மரினெட் ஊர் மர முதலாளி

அன்பு நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

அமெரிக்க மர முதலாளியும் செனட்டருமான ஐசக் ஸ்டீபன்சனைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். 1829இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். 1845இல் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்தபோது வயது பதினாறு, அது அப்போது தனி மாநிலமாகக்கூட ஆகவில்லை. மரம் வெட்டும் முகாம்களில் வேலை பழகினார். குளிர்காலம் முழுக்க வெள்ளை பைன் மரங்களை வெட்டி, பனிமேல் சறுக்குவண்டியில் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். பனி உருகி ஆறு பெருகியதும் கட்டைகளை மிதக்கவிடுவார்கள். 1858இல் மெனாமினி ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கும் மரினெட்டில் குடியேறி மர அறுவை ஆலையில் பங்குதாரரானார். பல முதலாளிகளின் கட்டைகளும் ஒன்றாக மிதந்து வருமே, ஒவ்வொன்றிலும் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்துப் பிரித்துக்கொடுக்கும் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர்.

பக்கத்து ஊரான பெஷ்டிகோவிலும் அவருக்கு ஆலைத் தொழில் இருந்தது. 1871 அக்டோபர் 8 இரவு காட்டுத்தீ அந்த ஊரையே விழுங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து இறந்தவர்கள் 1,200க்கும் மேல். அதே இரவில் சிகாகோவும் எரிந்தது, அங்கே இறந்தவர்கள் சுமார் 300 பேர், ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது சிகாகோவைத்தான். எனக்கு இது மனசே ஆறவில்லை. மழையில்லாத கோடை ஒரு காரணம் என்றால், மரம் வெட்டியவர்கள் காட்டில் அப்படியே போட்டுவிட்டுப் போன கிளையும் சருகும் இன்னொரு காரணம். தீயில் தப்பியவர்களுக்கு உதவி சேர்ப்பதில் ஸ்டீபன்சன் முன்னால் நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, அரசியலுக்கு வருகிறேன். 1883 முதல் 1889 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அப்புறம் மேலவையான செனட் மேல் ஆசை. அன்றைக்குச் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம், அதாவது கட்சிப் பெரியவர்கள் கைகாட்டும் ஆள். 1899இல் இவருக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர்களை எதிர்த்த ராபர்ட் லா ஃபாலெட்டுக்குப் பணத்தை வாரிக் கொடுத்தார், அந்த அணிக்காக மில்வாக்கியில் ஒரு நாளிதழே தொடங்கினார். லா ஃபாலெட் ஆளுநராகி, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஒருவர் பதவி விலகியதால் 1907இல், 77 வயதில், ஸ்டீபன்சன் செனட்டரானார். அடுத்த வருடம் அந்தப் புதிய முறையில் நடந்த வேட்பாளர் தேர்தலில் நின்று ஜெயித்தார். செலவு 1,07,793 டாலர்! செனட்டரின் சம்பளமோ வருடத்துக்கு 7,500, ஆறு வருடத்துக்கும் சேர்த்தே 45,000தான். இவ்வளவு பணம் செலவழித்தது பற்றிச் செனட் விசாரணை வைத்து, கடைசியில் 1912இல் பதவியில் தொடரலாம் என்று விட்டுவிட்டது.

மக்கள் கையில் ஓட்டைக் கொடுக்கும் போராட்டத்துக்குப் பணம் கொடுத்த அதே மனிதர், அந்த ஓட்டு வந்தவுடன் முதல் ஆளாகப் பணத்தோடு போய் நின்றிருக்கிறார். செலவுக்கு உச்சவரம்பு வைக்காமல் சட்டம் போட்டதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன், அதற்காக அவரை விட்டுவிடவும் மனம் வரவில்லை. நீ வக்கீல், அந்த விசாரணைக் குழுவில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்