ஆயிரம் கன்று தருகிறேன் என்ற அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. வைகாசியில் வரும் உங்கள் அம்மாவின் திதியை ஒட்டி நம் டவுன் பார்க்கில் ஆயிரம் மரக்கன்று நட வேண்டும், செலவு முழுக்க உங்களுடையது, ஆள் திரட்டுவது மட்டும் ஞாயிறுகளில் மரம் நடுகிற எங்கள் குழுவின் பொறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கொழும்பு புறக்கோட்டையில் கடை போட்டு முன்னுக்கு வந்த பிறகும் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்தையும் மலையையும் நினைக்கிறீர்கள். அம்மா இருந்திருந்தால் வாய் நிறையச் சிரித்திருப்பார்.

இந்தப் பதிலைப் பொதுவில் எழுதலாமா என்று போனில் கேட்டபோது, தாராளமாக எழுது என்றீர்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்கு அப்புறம் இன்னும் சிலரும் இதே மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கன்று வேண்டாம் அண்ணா. இருநூறு போதும். அந்த இருநூறும் இந்த உயரத்துக் காட்டு மரத்தின் விதையில் முளைத்ததாக இருக்கட்டும். மிச்சக் காசை, நட்ட பிறகு வரும் மூன்று வருஷத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் இடக் கணக்கு. பார்க் மொத்தமே ஒரு ஏக்கர் சொச்சம். பத்தடிக்கு ஒரு கன்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு 435 கன்றுதான் பிடிக்கும். அதிலும் பாதி இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அதை நாங்கள் தொடப்போவதில்லை. பார்க் முதலில் அவர்களுக்குத்தான். ஆக மிஞ்சுவது மேல் பக்கச் சரிவும் ஓடையோரமும். அங்கே ஆயிரத்தைத் திணித்தால் ஒன்றை ஒன்று நெருக்கிப் பாதி செத்துப்போகும்.

அடுத்தது, எந்த மரம் என்பது. பட்டியலில் மருது, வேம்பு, இலுப்பை, நாகமரம் என்று போட்டிருந்தீர்கள். எல்லாமே நல்ல மரங்கள். நாகமரம் 1986இலிருந்து இலங்கையின் தேசிய மரம். ஆனால் மருது கீழ்நாட்டு ஆற்றங்கரை மரம், வேம்பும் இலுப்பையும் வெயில் காயும் நாட்டுக்கு உரியவை, நாகமரமும் நம்மைவிடத் தாழ்ந்த ஈரக்காட்டில் வளர்வது. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 6000 அடியை ஒட்டிய இடம். தை, மாசியில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனம் லொறி நிறைய மருதங்கன்று கொண்டுவந்து, பேனர் கட்டி, படம் பிடித்து, ஒரே காலையில் நட்டுவிட்டுப் போனது. அடுத்த உறைபனிக்கு இலை எல்லாம் கருகித் தண்டு மட்டும் நின்றது. இலங்கை மரம் என்றால் மட்டும் போதாது, இந்த உயரத்து மரமாக இருக்க வேண்டும்.

இந்த உயரத்துக்கென்றே மரங்கள் இருக்கின்றன. நுவரெலியாவை அடுத்த ஹக்கலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காட்டோரத்தில் குடை விரித்த மாதிரி உச்சியோடு, பட்டை வெடித்து நிற்பது கீனா. தளிர் விடும்போது உச்சி முழுக்கச் சிவந்து நிற்பவை நாவல் குடும்பத்து மலை மரங்கள். அப்புறம் காட்டுக் கறுவா. சிங்களத்தில் மஹ ரத்மல் என்கிற, ரத்தச் சிவப்பில் கொத்தாகப் பூக்கும் மரம். வெள்ளைப் பூ மணக்கும் காட்டுச் செண்பகம், அதைச் சிங்களவர் வல் சப்பு என்பார்கள். இந்தச் செண்பகம் நீலகிரி மலையிலும் இருக்கிறது. கடல் தாண்டி வந்த நம் ஆட்களுக்கு முன்பே இரண்டு மலைக்கும் பொதுவாக நின்ற மரம் என்று நினைக்கும்போது எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

இந்த மரங்கள் நிற்கும் காட்டில் மழை பெய்யாத நாளிலும் தரை நனைந்திருக்கும். மூடுபனி இலையிலும் கிளையில் படர்ந்த பாசியிலும் பட்டுத் துளியாகிச் சொட்டும். அந்தச் சொட்டும் மழையோடு சேர்ந்து ஊற்றாகி ஓடையாகிறது. மகாவலி இந்த மலைநாட்டில் பிறந்து, 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. நம் பார்க் ஓரத்து ஓடையும் கடைசியில் அதில்தான் சேர்கிறது. மூதூர்ப் பக்கத்து வயலில் நிற்கிற தண்ணீரில் நம் ஓடைத் தண்ணீரும் இருக்கிறது. அதனால்தான் ஓடையோரத்தில் முதலில் நட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறோம்.

இந்தக் கன்றுகள் கடையில் கிடைப்பது அபூர்வம். நாங்களே விதை பொறுக்கி வளர்க்கிறோம். ஹக்கலைக் காடு கடும் இயற்கை ஒதுக்கிடம், உள்ளே கால் வைக்கக்கூடாது. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. ஆகவே ரோட்டோரம், கோயில் காணி, தோட்டத்துக்குள் தப்பி நிற்கிற ஓடைக்காடு, இங்கெல்லாம் கேட்டு அனுமதி வாங்கி மரத்தடியில் விழுந்ததை மட்டும் எடுக்கிறோம்.

எங்கள் தவறணையை, அதாவது கன்று வளர்க்கும் நாற்றங்காலை, நடத்துவது ஒரு பெரியம்மா. உங்கள் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர், கடைசிக் காலத்தில் தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செண்பக விதையை அவர் கையாளுவதை நீங்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். காய் வெடித்ததும் உள்ளே செக்கச் சிவந்த சதை போர்த்திய விதை இருக்கும், குருவிக்கு அதுதான் தீனி. அந்தச் சதையில் எண்ணெய்ப் பசை. அதை ஒட்டிக்கொண்டு விதைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பெரியம்மா ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மணலோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். சதை கழன்று கறுப்பு விதை பளிச்சென்று வரும். காய வைக்க விடமாட்டார். அன்றைக்கே மண்ணுக்குள் போக வேண்டும். நாவல் வகை விதையும் அப்படித்தான், நாலு நாள் காய்ந்தால் உயிர் போய்விடும். மஹ ரத்மல் விதையோ பொடி மாதிரி, ஊதினால் பறந்துவிடும். அதை ஈரப் பாசி மேல் தூவிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அது மெதுவாகத்தான் வரும்.

கன்று ஓரளவு நிமிர்ந்ததும், தேயிலைக் கன்றுக்குச் செய்கிற மாதிரியே மேல் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்குவார். நடும் நாளில் பொலித்தீன் பையைக் கிழித்ததும் முதலில் அடிவேரைத் திருப்பிப் பார்ப்பார். வேர் பையின் அடியில் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் நறுக்கிவிட்டுத்தான் குழியில் இறக்குவார். சுருண்ட வேரோடு நட்ட மரம் பத்து வருஷம் நன்றாக இருந்துவிட்டு ஒரு காற்றில் சாயும் என்பது அவர் கணக்கு. ஒரே காலையில் ஆயிரம் கன்று நடுகிற கூட்டத்தில் இதை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், மேல் சரிவில் நிற்கிற பைனஸையும் டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸையும் முதலில் வெட்டித் தள்ளிவிடலாம் என்று. அவை வெளிநாட்டு மரங்கள் என்பது உண்மைதான். பைனஸ் அமெரிக்கக் கண்டத்தது, டர்பன்டைனும் தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கும் (சில்வர் ஓக்) அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஆனாலும் அவசரப்பட வேண்டாம். காட்டு மரக்கன்றுகளில் பல சின்ன வயசில் நிழல் கேட்கும். சிங்கராஜக் காட்டு ஓரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அவர்களோடு வேலை செய்தவர்களும் பைனஸ் தோட்டத்துக்குள்ளேயே காட்டு மரங்களை நட்டுப் பார்த்தார்கள். பைனஸில் சில வரிசைகளை மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் வைத்த கன்றுகள் நன்றாக வந்தன. அது தாழ்நாட்டுக் காடு, நம் மரங்கள் வேறு. ஆனாலும் யோசனை நமக்கும் பொருந்தும். பழைய மரங்கள் புதுசுக்கு நிழல் கொடுக்கட்டும், உறைபனியைக் கொஞ்சம் தடுக்கட்டும். கன்று தலைக்கு மேல் வளர்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். மொட்டையடித்த சரிவில் ஒரு பெருமழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். மரம் நட்டால் மண்சரிவு நின்றுவிடும் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகும், டித்வாவுக்குப் பிறகும் நம் சனத்துக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணியும் வீடும். பார்க்கில் வைக்கிற இருநூறு கன்று அதற்கு ஈடாகாது. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், மழைத்தண்ணீர் கான் (வடிகால்) வழியே பாய்ந்தோடாமல் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் போதுமான காரணம்.

இந்த மலையில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு அழிந்தபோது கோடாலி பிடித்த கைகளில் நம் பாட்டன் பூட்டன்களின் கைகளும் இருந்தன. துரைமார் சொல்லைத் தட்டமுடியாத நிலையில் வெட்டினார்கள். வெட்டின வேகம் தாங்காமல் 5000 அடிக்கு மேலே காட்டை அழிக்கக் கூடாது என்று 1873இல் ஆங்கில அரசாங்கமே உத்தரவு போட வேண்டி வந்தது. இப்போது யாரும் கட்டளை போடாமல், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து, கொழுந்து எடுக்கிற பெண்களும் த்ரீவீலர் ஓட்டுகிற தம்பிகளும் பேக்கரிக்காரச் சிங்கள ஐயாவும் புடவைக்கடை நானாவும் ஸ்கூல் பிள்ளைகளும் அலவாங்கும் மண்வெட்டியுமாக வந்து நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் அது அண்ணா.

சரி, காசு விஷயம். சிரமதானத்துக்கு ஆள் வருவார்கள், தேத்தண்ணியும் வடையும் இருந்தால் இன்னும் உற்சாகமாக வருவார்கள். ஆள் கிடைக்காதது அதற்குப் பிறகுதான். கிக்கியு புல் மழைக்காலத்தில் ஒரு மாதத்தில் கன்றை மூடிவிடும், சுற்றிக் கையால் பிடுங்க வேண்டும். மாடு உள்ளே வராமல் வேலி வேண்டும். மார்கழி கடைசியில் ஒவ்வொரு கன்றுக்கும் மானாப்புல்லால் சின்னக் கூரை கட்ட வேண்டும், மாசி முடிந்து எடுக்க வேண்டும். செத்த இடத்தில் அடுத்த வைகாசியில் மாற்றுக் கன்று. இதற்கெல்லாம் வாரம் இரண்டு நாள் கூலிக்கு ஒருவர் வேண்டும், தோட்டத்து நாள் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் வயசான பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியம்மாவுக்கு இன்றுவரை நாங்கள் பஸ் காசுக்கு மேல் எதுவும் கொடுத்ததில்லை. உங்கள் காசில் முதலில் மாற வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு மரத்துக்கும் அம்மா பெயரில் பலகை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தவறணை வாசலில் ஒரே பலகையாக வைப்போமே. அவர் பெயரும், அவர் எந்தத் தோட்டத்தில் எந்த மலையில் வேலை செய்தார் என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கன்று வாங்க வருகிற எல்லோரும் படிப்பார்கள்.

திதி நாள் நடுவதற்கும் தோதான நாள்தான். தென்மேற்கு மழை பிடிக்கிற நேரம், உறைபனிக்கு முன் கன்று வேர்விட ஏழெட்டு மாதம் கிடைக்கும். அன்றைக்கு ஓடையோரத்தில் நாற்பது கன்று நடுவோம். குழி எல்லாம் முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுகிறோம். மிச்சத்தை வருகிற ஞாயிறுகளில் சரிவுக்குக் கொண்டுபோகிறோம். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பழைய சப்பாத்து போதும்.

இப்போதைக்கு எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். வேலிக்கு முள்கம்பி போடுவதா, பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் வலைக்கம்பி போடுவதா? வலைக்கம்பிக்குச் செலவு கூட. ஆனால் எங்கள் எல்லோருக்கும் அதுதான் விருப்பம். நீங்கள் சரி என்றால் இந்த வாரமே அளந்து விலை கேட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி