தையல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவிக்கும் அக்கா தங்கச்சிமாருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் நான் நேரே ஒட்டுத்துணிப் போர்வைக்கு வருகிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பார்சல்களில் அளவாக வெட்டிக் கட்டிய துணிகள் வந்தன. ஜெல்லி ரோல், அதாவது இரண்டரை அங்குலப் பட்டிகள், சுருட்டியிருந்த அழகைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டோம். ஒரு தங்கச்சி சாயம் போகுமென்று பயந்து அதை வாளியில் ஊறவைத்தார். வெளியே எடுத்தால் பட்டிகள் எல்லாம் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கத்தரித்தும் அகலம் ஒத்துவரவில்லை. வெட்டி வந்த துணியைத் தைக்க முதல் கழுவக்கூடாது, போர்வை முடிந்த பிறகு கழுவலாம். பட்டிகளை ஒரே பக்கமிருந்து தைத்துக்கொண்டு போனால் வில்லாக வளையும், ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தையுங்கள்.

சதுரங்களில் 5 அங்குலமும் உண்டு, 10 அங்குலமும் உண்டு. கட்டுக்குப் பெரும்பாலும் 42 துண்டு. 6க்கு 7 ஆக அடுக்கி, கால் அங்குலத் தையல் விட்டால் சின்னது 27க்கு 31½ அங்குலம் வரும், தொட்டில் பிள்ளைக்குக் காணும். பெரியது 57க்கு 66½. பெரியதை நாலாக வெட்டினால் சின்னதும் கிடைக்குமே! புதிதாகத் தைப்பவர்கள் 10 அங்குலத்தையே எடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்று கவனியுங்கள், ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு கட்டில் பல்லின் நுனிவரை அளந்தால்தான் 10, இன்னொன்றில் பள்ளத்திலேயே 10. அளந்து பார்க்காமல் இரண்டையும் கலக்காதீர்கள்.

பார்சல் வராதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. ஃபட் குவாட்டர் என்பது 18க்கு 22 அங்குலத் துண்டு, மத்திய வீதிக் கடைகளில் 44 அங்குல அகலச் சீத்தைத் துணியில் அரை யார், அதாவது 18 அங்குலம், வாங்கி நடுவே வெட்டினால் அதுதான். ஒரு துண்டில் 5 அங்குலச் சதுரம் 12 எடுக்கலாம், அதற்கு 15க்கு 20 போதும் என்பதால் முதலில் கழுவிக் கொஞ்சம் சுருங்கினாலும் குறையாது. அப்புறம், நமது வெக்கைக்குப் போர்வையின் உள்ளே பழைய பருத்திச் சேலை ஒன்று விரித்தாலே போதும், தடித்த பஞ்சு வேண்டாம்.

அடுத்த பார்சலுக்கு 10 அங்குலக் கட்டும் சங்கத்துக்குப் பொதுவாக துணி வெட்டும் சுழல் கத்தி ஒன்றும் கேட்கலாம் என்று முன்மொழிகிறேன். ஆமோதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.