ஒரே ஒரு மேப் போட்டா ரோம் புரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் மாணவர் பக்கத்துல ரோமானியப் பேரரசு பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பிள்ளைங்களுக்கு அவசியம் வேண்டிய சப்ஜெக்ட்தான், ஆனா கூடப் போட்டிருந்த மேப்பைப் பத்தி எழுதாம இருக்க முடியல. இங்கிலாந்துல ஆரம்பிச்சு ஈராக் வரைக்கும் மொத்தமும் ஒரே சிவப்பு, வருஷம்கூடப் போடல. பாக்குற பிள்ளை, ரோம் எப்பவுமே அவ்ளோ பெருசு, பேரரசருங்க படையோட போய் எல்லாத்தையும் புடிச்சாங்கன்னுதான் நினைக்கும்.

அது கி.பி. 117ஆம் வருஷத்து எல்லை. பேரரசர் ட்ராஜன் 114ல ஈரான் பக்கம் ஆண்ட பார்த்தியர் மேல படையெடுத்து, இன்னைய ஈராக் பகுதியான மெசபடோமியாவைப் புடிச்சு, பாரசீக வளைகுடா வரைக்கும் போயிட்டாரு, 117லயே இறந்தும் போயிட்டாரு. அடுத்து வந்த ஹாட்ரியன் முதல் வேலையா அந்தக் கிழக்குப் பகுதியை விட்டுட்டாரு. கொண்டுவிக்க, அதாவது வெளியூர் வெளிநாடுன்னு வியாபாரத்துக்குப் போன குடும்பத்துல பொறந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், தூரத்துக் கடையில வரவைவிட செலவு ஜாஸ்தியானா கணக்கை முடிச்சுட்டு வந்துடணும். அவரு 122 வாக்குல பிரிட்டன்ல கட்ட ஆரம்பிச்ச சுவர் மட்டும் சுமார் 117 கிலோமீட்டர் நீளம், அதாவது இதுக்கு மேல போக வேணாம்னு கல்லுலயே கோடு போட்டுட்டாரு.

இன்னொண்ணு, முதல் பேரரசர்னு சொல்ற அகஸ்டஸ் கி.மு. 27ல வர்றதுக்கு முன்னாடியே கிரீஸ், சிரியா, கார்த்தேஜ் நகரம் இருந்த வட ஆப்பிரிக்கா, சீசர் புடிச்ச கால் (Gaul, இன்னைய பிரான்ஸ் பக்கம்), ஸ்பெயின்ல பெரும்பகுதி எல்லாம் ரோம் கையில வந்தாச்சு. பேரரசரே இல்லாத குடியரசு காலத்துலதான் பாதி வேலை முடிஞ்சுது. எப்படின்னா, இத்தாலியில தோத்த ஊர்கள்கிட்ட ரோமானியர் வரி கேக்கல, சண்டைக்கு ஆள் கேட்டாங்க. கி.மு. 216ல தெற்கு இத்தாலியில இருக்குற கன்னாய்ல கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஒரே நாள்ல ரோமோட பெரிய படையையே அழிச்சப்பவும், தெற்கே சில ஊர் கட்சி மாறுச்சே தவிர பெரும்பாலான கூட்டாளிங்க ரோமை விடல, அதனாலதான் மறுபடி மறுபடி படை திரட்ட முடிஞ்சுது. பின்னாடி அந்தக் கூட்டாளிங்களே உரிமை கேட்டு கி.மு. 91ல சண்டைக்கு நின்னு குடியுரிமை வாங்கினாங்க, கி.பி. 212ல பேரரசர் கரகல்லா, பேரரசுல இருந்த அடிமை இல்லாத எல்லாருக்குமே கிட்டத்தட்ட குடுத்துட்டாரு. அதுக்காக ரோமானியர் நல்லவங்கன்னு சொல்ல வரல, கி.மு. 146ல கார்த்தேஜை எரிச்சு மிஞ்சினவங்களை அடிமையா வித்தாங்க, அதே வருஷம் கிரீஸ்ல கொரிந்து நகரத்துக்கும் அதே கதி.

நம்ம பிள்ளைங்களுக்கு முக்கியமான வருஷம் கி.மு. 30. அன்னைக்கு எகிப்து ரோம் கைக்கு வந்துச்சு, செங்கடல் துறைமுகங்களும் கூடவே வந்துச்சு. வருஷத்துக்கு 120 கப்பல் வரைக்கும் அங்க இருந்த மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்துல இருந்து இந்தியாவுக்குக் கிளம்புதுன்னு அந்தக் காலத்துக் கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்காரு. மிளகு ஏத்திக்கிட்டுத் திரும்பினா எகிப்துலயே சரக்குல நாலுல ஒரு பங்கு, 25 சதவீதம், சுங்கவரி. ரோமப் படை கால் வைக்காத ஊர்ல விளைஞ்ச மிளகுல அவங்க கஜானா நிறைஞ்சுது, அந்த சிவப்பு மேப்புல இது எங்க தெரியுது?

இங்க பக்கத்துல புதுக்கோட்டை கருக்காக்குறிச்சியில 1898ல ஒரு பானை நிறைய ரோமானியப் பொற்காசு கிடைச்சுது, 501 காசு. அகஸ்டஸ் காலத்துல இருந்து வெஸ்பாசியன் காலம் வரைக்கும் உள்ளது. பெரும்பாலான காசுல ராஜா தலை மேலயே உளியால ஒரு வெட்டு, முகத்துல குறுக்கா ஆழமா விழுந்திருக்கு. ஏன் வெட்டினாங்கன்னு ஆளுக்கொரு கருத்து சொல்றாங்க. அதுல சில காசு இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, காரைக்குடி, தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துல படிக்கிற எத்தனை பிள்ளைக்கு இது தெரியும்னு நினைச்சா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

தயவுசெஞ்சு அடுத்த வாரம் அதே பக்கத்துல நாலு சின்ன மேப் போடுங்க, கி.மு. 264, கி.மு. 146, கி.மு. 30, கி.பி. 117னு வருஷத்தோட. கடைசி ரெண்டுலயும் கிழக்கே கொஞ்சம் இடம் விட்டு பழைய துறைமுகங்களான முசிறி, அரிக்கமேடு, கூடவே கருக்காக்குறிச்சி மூணையும் குறிச்சுக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவகோட்டை