ஜிஐஎஸ் படிப்பில் டேட்டாபேஸ் கடைசி யூனிட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏரி ஆக்கிரமிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்த சர்வே எண்கள் ஏரிக்குள் வருகின்றன என்று கணக்கெடுக்கவே இவ்வளவு காலம் ஆகிறதே என்று அதில் வருத்தப்பட்டிருந்தீர்கள். வேலூர்ப் பக்கம் ஜிஐஎஸ் (வரைபடத் தரவுகளைக் கணினியில் கையாளும் துறை) முதுநிலை படிக்கும் மாணவி நான். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களை எங்கள் படிப்பே போதிய அளவில் உருவாக்குவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வரைபடத்துக்கு வண்ணம் கொடுப்பது, அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்து பிரிண்ட் எடுப்பது என்றே எங்கள் லேப் நேரம் பெரும்பாலும் போகிறது. இடங்களின் எல்லைகளைச் சேமித்து வைத்துக் கேள்வி கேட்க உதவும் ஸ்பேஷியல் டேட்டாபேஸோ ஒரு பாடத்தின் கடைசி யூனிட். அதற்கு லேப் கிடையாது.

ஆனால் ஏரிக் கணக்குக்கு அதுதான் வேண்டும். ஏரியின் எல்லை ஒரு பலகோணம், ஒரு சர்வே எண்ணுக்கு உரிய நிலமான ஒவ்வொரு புலமும் ஒரு பலகோணம். இவற்றை போஸ்ட்ஜிஐஎஸ் என்ற ஸ்பேஷியல் டேட்டாபேஸ் மென்பொருளில் ஏற்றிவிட்டால், எந்தப் புலம் ஏரிக்குள் எத்தனை சதுர மீட்டர் நுழைகிறது என்று ஒரே க்வெரியில் கேட்டு வாங்கலாம். மாவட்டத்தின் புலங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் கணினி திணறும். அதற்குத்தான் 1984-இல் அன்டோனின் கட்மன் கொடுத்த ஆர்-ட்ரீ என்ற இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அமைப்பு) இருக்கிறது. ஒவ்வொரு பலகோணத்தையும் சுற்றி ஒரு செவ்வகம், பக்கத்துப் பக்கத்துச் செவ்வகங்களைச் சுற்றி இன்னொரு பெரிய செவ்வகம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஏரியின் செவ்வகத்தைத் தொடாதவை முதலிலேயே கழிந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் துல்லியமான சோதனை. எவ்வளவு அழகான யோசனை! இண்டெக்ஸ் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை மனதில் பதியும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் பதியாது.

இன்னொன்று, அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கும் தரவிடம் 100-க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், அது மீட்டரை விட்டுவிட்டு 100 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். வேலூர்த் தரவை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44-ஆம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும். இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது.

பயிற்சிக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம், எங்கள் பகுதியே போதும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பாலாறு மூன்றிலும் ஓடுகிறது. இங்கே தோல் தொழிற்சாலைக் கழிவு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, 1996-இல் தீர்ப்பும் வந்தது. ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை கிணறுகள், அவை எந்தெந்த ஊராட்சியில் வருகின்றன என்று மாணவர்கள் கேட்டுப் பழகட்டுமே. அந்தப் பதில் அந்த ஊர்க்காரர்களுக்கும் பயன்படும். காவேரிப்பாக்கம் ஏரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

செலவைக் காரணம் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், அதோடு சேர்ந்து இயங்கும் போஸ்ட்ஜிஐஎஸ் (2001-லிருந்து கிடைக்கிறது), வரைபடமாகப் பார்க்க உதவும் க்யூஜிஐஎஸ் மூன்றும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

எனவே பல்கலைக்கழகங்கள் ஸ்பேஷியல் டேட்டாபேஸை லேபுடன் கூடிய முழுப் பாடமாக வைக்க வேண்டும். அப்புறம், எஃப்எம்பி எனப்படும் புல அளவை வரைபடங்களை ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனி பிடிஎஃப்பாக இறக்கி, மறுபடி கையால் வரைய வேண்டியிருக்கிறது. உரிமையாளர் பெயர்களை நீக்கிவிட்டு, புல எல்லைகளை மட்டும், மறுபடி வரையத் தேவையில்லாத வெக்டர் கோப்பாக, கிராமவாரியாக மாணவர்களுக்குத் தர வருவாய்த் துறை முன்வர வேண்டும். இந்தக் கோரிக்கையை உங்கள் இதழும் எடுத்துச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுநிலை மாணவி,
காட்பாடி.